உர்பினோ வீதியும் வைசியாள் வீதியும்

ஞாயிற்றுக்கிழமை. மாலை 4 மணி. தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் பஸ் வந்து நிற்கிறது. உள்ளே நிற்கக்கூட இடம் இல்லை. ஆனாலும் ஏறுகிறார்கள்.

ஏறுகிறவர்களில் ஒரு குடும்பத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம். கணவர் கொத்தனார். மனைவி, ஒரு மகள், ஒரு மகன். புதுச்சேரி கடற்கரைக்குப் போகிறார்கள். சுண்ணாம்பாற்றுப் பாலம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை என்று ஒவ்வொன்றாக வருகிறது. அப்புறம் நகரம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுப்பார்கள். இருட்டியதும் திரும்பிவிடுவார்கள்.

அதே நேரத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு மேற்கே, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பத்துப் பேர் ஒருவர் பின்னால் மெல்ல நடக்கிறார்கள். முன்னால் போகிறவர் வழிகாட்டி. சுவரைக் காட்டுகிறார். ஜன்னலைக் காட்டுகிறார். மரத்தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். இதற்குக் கட்டணமும் உண்டு!

“தெருவைப் பார்க்கப் பணமா?” என்று கொத்தனார் கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தெருவில் சாரம் கட்டி நின்று அவரே பூசிய சுவர்கள் இருக்கின்றன. அவர் அங்கே சம்பாதிக்கப் போனார். மற்றவர்கள் செலவழிக்க வருகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய ஊரை மாலை வேளையில் நடத்திக் காட்டுவது இன்று உலகம் முழுவதும் ஒரு தொழில் ஆகிவிட்டது. அதில் பழம் தின்று கொட்டை போட்ட நாடு இத்தாலி. அந்த நாட்டு ஊர் ஒன்றுக்கும் புதுச்சேரிக்கும் ஓர் உறவு உண்டு. பலருக்கு அது தெரியாது.

மலை மேல் ஓர் ஊர்

அந்த ஊரின் பெயர் உர்பினோ. இத்தாலியின் கிழக்குப் பகுதியில், மார்க்கே மாநிலத்தில், ஒரு மலை மேல் இருக்கிறது. சிறிய ஊர்தான். ஜனத்தொகை 15,000க்கும் குறைவு. ஊரைச் சுற்றிச் செங்கல் மதில். மதிலுக்குள் செங்கல் வீடுகள். கூரை எல்லாம் ஓடு.

பஸ் மலை அடிவாரத்தில் நின்றுவிடும். மதிலுக்குக் கீழே இருக்கும் அந்த மைதானம் முன்பு சந்தை கூடிய இடம். அங்கிருந்து மேலே ஏறிப் போக வேண்டும். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். ஆனால் ஏறிவிட்டால் ஊர் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம்.

இத்தாலியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஆனதும் நல்ல உடை உடுத்திக்கொண்டு வீதிக்கு வந்துவிடுவார்கள். எங்கும் போவதற்காக அல்ல. சும்மா நடப்பார்கள். தெரிந்தவர்களைக் கண்டால் நின்று பேசுவார்கள். மறுபடி நடப்பார்கள். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை எல்லாரும் வருவார்கள். இதற்குப் ‘பஸெஜ்ஜியாத்தா’ என்று பெயர். நம் ஊரில் திருவிழாவன்று மாடவீதியைச் சுற்றுவது போல, அவர்களுக்கு அது தினமும் நடக்கிற காரியம். வெளியூர்க்காரர்களும் வழிகாட்டியோடு அந்தக் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள்.

வழிகாட்டி முதலில் காட்டுவது அரண்மனையை. அதைக் கட்டியவர் பெதரிகோ என்ற பிரபு. 15ஆம் நூற்றாண்டுக்காரர். போர் வீரர், புத்தகப் பிரியர். குதிரை மேலிருந்து ஈட்டியால் குத்தும் போட்டி ஒன்றில் வலது கண்ணை இழந்துவிட்டார். அவருடைய புகழ்பெற்ற ஓவியத்தில் இடது பக்க முகம் மட்டுமே தெரியும். காரணம் இதுதான்! அடுத்து, ரபேல் பிறந்த வீடு. உலகம் கொண்டாடும் அந்த ஓவியர் 1483இல் இங்கே பிறந்தார். அந்த வீடு இன்று காட்சிச்சாலை.

நடந்து களைத்தவர்கள் ‘கிரேஷா’ என்ற ரொட்டியைத் தின்கிறார்கள். மாவைத் தேய்த்து, கொழுப்புத் தடவி, சுருட்டி, மறுபடி தட்டிச் சுட்டு எடுப்பது. அசல் நம் பரோட்டாதான். மிளகும் முட்டையும் சேர்ப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊர் எப்படித் தப்பியது? முதல் காரணம் வறுமை! 1631இல் பிரபுக்களின் ஆட்சி முடிந்து, ஊர் போப்பாண்டவரின் ஆட்சியில் சேர்ந்தது. அதன் பிறகு செல்வாக்குப் போய்விட்டது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசு இல்லை. ஊர் அப்படியே நின்றது.

ஆனால் வறுமை காப்பாற்றிய வீடு பிறகு தானாக இடிந்து விழும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உர்பினோ அந்த நிலையில்தான் இருந்தது. அப்போது ஜான்கார்லோ டி கார்லோ என்ற கட்டடக் கலைஞர் வந்தார். 1958 முதல் 1964 வரை உழைத்து ஊருக்கு ஒரு திட்டம் போட்டார். ஊரில் 1506ஆம் ஆண்டிலிருந்தே ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அதைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் ஊருக்கு வெளியே பொட்டலில் பெரிய கட்டடம் கட்டியிருப்பார். டி கார்லோ எல்லாவற்றையும் அப்படிச் செய்யவில்லை. காலியாகக் கிடந்த பழைய மடங்களைப் பழுது பார்த்து, அவற்றுக்குள் வகுப்புகளை வைத்தார். வெளிச் சுவர் பழையது. உள்ளே சட்டக் கல்லூரி!

மாணவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அறை வேண்டும். சாப்பாடு வேண்டும். கடை வேண்டும். பழைய வீடுகளுக்கு வாடகை கிடைத்தது. வாடகை வந்தால் கூரையில் ஓடு மாற்றுவார்கள் அல்லவா? இன்று ஊர் ஜனத்தொகைக்குச் சமமாக மாணவர்கள் இருக்கிறார்கள். 1998இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது.

வைசியாள் வீதி

இனி புதுச்சேரிக்கு வருவோம். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய யூனியன் ‘ஏஷியா அர்ப்ஸ்’ என்ற திட்டத்தின் கீழ்ப் பணம் கொடுத்தது. அதில் புதுச்சேரியோடு கூட்டுச் சேர்ந்த ஊர்கள் இரண்டு. ஒன்று பிரான்சில் உள்ள வில்நேவ் சூர் லோ. இன்னொன்று உர்பினோ! பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ‘இன்டாக்’ அமைப்பு உள்ளூரில் வேலையைச் செய்தது.

எந்தத் தெருவை எடுத்துக்கொண்டார்கள்? கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீதியை அல்ல. வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியை. கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் அதற்குப் பெயர். அங்கே ஏறக்குறைய 20 வீடுகளின் முகப்பைப் பழைய முறைப்படி திருத்தினார்கள். விளம்பரப் பலகைகள் போயின. திண்ணைகள் வந்தன. 2008இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாராட்டும் கிடைத்தது.

இன்று மாலை நடைக்கு வருகிறவர்கள் கட்டாயம் பார்க்கும் தெருக்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தத் தெருவோடு வேலை நின்றுவிட்டது. பக்கத்துத் தெருக்களில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

முதலில் நகரத்தின் அமைப்பைச் சொல்லவேண்டும். கோடு போட்டாற்போல் நேராக இருக்கும் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டார்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தப்பு. 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். ஆறு ஆண்டு வைத்திருந்தார்கள். நேர் தெருத் திட்டம் அவர்களுடையது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதையே பின்பற்றினார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். அதன் பிறகு, பழைய கோட்டின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது.

வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள். மேற்கே தமிழர்கள். பிரெஞ்சு வீட்டுக்குத் தெருப்பக்கம் உயர்ந்த மதில், பெரிய கதவு. தோட்டமும் தாழ்வாரமும் உள்ளே இருக்கும். தெருவில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தமிழ் வீடு நேர் எதிர். வாசலில் தூண் நிறுத்தித் தாழ்வாரம் இறக்கியிருப்பார்கள். அதன் கீழே திண்ணை. வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்கலாம். கட்டுச்சோறு அவிழ்க்கலாம். யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டின் முதல் ஐந்தடியைத் தெருவுக்கே எழுதி வைத்துவிட்ட மாதிரி!

இரண்டும் கலந்த வீடும் உண்டு. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1738இல் கட்டியது. கீழே தமிழ் முறையில் மரத்தூண்கள். மேல்மாடியில் பிரெஞ்சு முறைக் காரைத் தூண்கள். பிள்ளை 1761 ஜனவரி 12இல் இறந்தார். அதற்கு நான்கு நாள் கழித்து ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

வீட்டுக்காரர் கணக்கு

1990களின் நடுவில் ‘இன்டாக்’ எடுத்த கணக்கில் புதுச்சேரி நகரத்துக்குள் ஏறக்குறைய 1,800 பாரம்பரியக் கட்டடங்கள் இருந்தன. அவற்றில் பல நூறு இன்று இல்லை. மறைந்தவற்றில் தமிழர் பகுதி வீடுகள் மிக அதிகம்.

வெள்ளையர் பகுதி ஏன் அதிகம் தப்பியது? அங்கே வீடுகளுக்கு வேலை இருந்தது. பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அரவிந்தர் ஆசிரமம், அரசாங்க அலுவலகங்கள் எல்லாம் பழைய கட்டடங்களில் இருக்கின்றன. பிறகு ஓட்டல்கள் வந்தன. பெரிய மதிலும் தோட்டமும் ஓட்டலுக்குப் பொருத்தம். தமிழ் வீட்டுக்கு அந்த வசதி இல்லை. அங்கே இருந்தது குடும்பம் ஒன்றுதான். குடும்பம் பிரிந்தால் வீடும் பிரிகிறது.

“பாட்டன் வீட்டை இடிக்கிறானே பாவி!” என்று திட்டுவது சுலபம். வீட்டுக்காரர் சொல்லும் கணக்கையும் கேட்க வேண்டும். அண்ணன் தம்பி நாலு பேர். ஒரு முற்றத்தை நாலாக வெட்ட முடியுமா? ஒருவர் சென்னையில். ஒருவர் பிரான்சில். மாடியில் ஒழுகுகிறது. அந்த மாடி மரச்சட்டம் பரப்பி, மேலே சிறு செங்கல்லைக் குத்தி அடுக்கி, சுண்ணாம்பு போட்ட தளம். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்பார்கள். அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கை அகப்படுவது அரிது. அகப்பட்டாலும் செலவு அதிகம். பக்கத்து மனையில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பி, மாதா மாதம் வாடகை வருகிறது. எத்தனை நாள் பொறுப்பார்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். வீடு நிற்கும்போது தேக்குத் தூணுக்கு விலை இல்லை. இடித்தால் விலை! தூண், நிலை, உத்தரம், சித்திர வேலைக் கதவு எல்லாவற்றையும் பழம்பொருள் வியாபாரி வாங்கிக்கொள்கிறார். அவை எங்கோ புதிய மாளிகைக்கும் ஓட்டலுக்கும் அலங்காரமாகப் போகின்றன.

அரசாங்கம் பட்டியல் போடலாம். ‘இடிக்காதே’ என்று உத்தரவும் போடலாம். ஆனால் ஒழுகும் மாடியை உத்தரவு அடைக்காது. வைசியாள் வீதியில் வீட்டுக்காரர்கள் சம்மதித்தது பணம் கூட வந்ததால்தான். பழுது பார்க்க ஒரு பங்கு பணம், வீட்டு வரியில் சலுகை, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இந்த மூன்றும் கிடைத்தால் பாதிப் பேராவது இடிப்பதைத் தள்ளிப் போடுவார்கள். கிடைக்காதவரை பழியை வீட்டுக்காரர் தலையில் மட்டும் போடுவது சரியல்ல.

அரசாங்கக் கட்டடத்துக்கே என்ன நேர்ந்தது? கடற்கரைச் சாலையில் இருந்த ‘மேரி’ என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 1870களின் தொடக்கத்தில் கட்டியது. எத்தனையோ கல்யாணப் பதிவு நடந்த இடம். பல ஆண்டு பழுது பார்க்காமல் கிடந்தது. 2014 நவம்பர் 29இல் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கிக் கடனில், ஏறக்குறைய 15 கோடி ரூபாய் செலவில், அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். 2021இல் திறப்பு விழா நடந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய கட்டடம் அல்ல. பழைய கட்டடத்தின் படம்!

வெனிஸ் படும் பாடு

சுற்றுலாக்காரர்கள் வந்தால் பணம் வரும், ஊர் பிழைக்கும் என்று சொல்வோரும் உண்டு. பாதி உண்மை. மறு பாதியை வெனிஸ் நகரத்தில் பார்க்கலாம்.

தண்ணீரில் மிதப்பது போன்ற அந்தப் பழைய நகரில் 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் 50,000க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் இடிந்தனவா? இல்லை. எல்லாம் நிற்கின்றன. ஆனால் வீடு வைத்திருப்பவர் குடித்தனக்காரருக்கு மாத வாடகைக்கு விடாமல், பயணிக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். காய்கறிக் கடை முகமூடி விற்கும் கடையாக மாறுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் குறைகிறார்கள். 2024இல் சில நாட்களில் ஊருக்குள் நுழையவே 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். பிளாரன்ஸ் நகரமோ 2023இல் பழைய பகுதியில் புதிதாக நாள் வாடகை வீடுகள் தொடங்கக் கூடாது என்று தடுத்தது.

இதற்கு மறுகோடியிலும் இத்தாலி நிற்கிறது. சிசிலித் தீவில் முஸ்ஸொமெலி போன்ற ஊர்களில், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளை ஒரு யூரோவுக்குக் கொடுக்கிறார்கள். குறித்த காலத்துக்குள் பழுது பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓரிடத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஓரிடத்தில் ஆளே இல்லை!

புதுச்சேரி வெனிஸ் ஆகிவிடவில்லை. ஆனால் சனி, ஞாயிறில் வெள்ளையர் பகுதியில் நடந்து பார்த்தவர்களுக்குச் சங்கதி புரியும். ஒவ்வொரு வாசலிலும் படம் எடுக்கிறார்கள். அந்த வாசலுக்குள் யார் இருக்கிறார்கள்? பல வீடுகளில் இரண்டு நாள் தங்க வந்தவர்கள்தான். தமிழர் பகுதியில் இன்னும் கோலம் போடுகிறார்கள். இன்னும் சைக்கிளில் காய் வருகிறது. சாயங்காலம் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். உர்பினோ பாடுபட்டு உண்டாக்கிய கூட்டம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதை விரட்டாமல் இருந்தாலே போதும். புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் நகருக்கு வெளியே காலாப்பட்டில் தொடங்கியது. அதன் ஒரு துறையாவது, ஒரு மாணவர் விடுதியாவது பழைய தமிழ் வீடுகளுக்குள் வந்தால் என்ன? டி கார்லோ செய்ததைவிடக் கடினமான காரியமா அது?

பாலத்துக்குக் கிழக்கே

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து வண்டிகள் போகக்கூடாது. ஜனங்கள் தாராளமாக நடக்கிறார்கள். நம் ஊர்ப் பஸெஜ்ஜியாத்தா! தவளக்குப்பத்துக் குடும்பமும் நடக்கிறது. பிறகு பஸ் ஏறுகிறது.

திரும்பும் வழியில் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம். அதற்குக் கிழக்கே, ஆற்றங்கரையில், இருட்டில் ஒரு தோப்பு. அதுதான் அரிக்கமேடு. 1945இல் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டினார். சிவப்பு மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. குயவர் முத்திரை போட்டவை. அந்த வகைப் பாண்டத்துக்கே அரெஸ்ஸோ என்ற இத்தாலிய ஊரின் பெயர்தான் வழங்குகிறது. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலிப் பண்டம் இந்த ஆற்றங்கரையில் இறங்கியிருக்கிறது! ஆனால் அங்கே தரைக்கு மேலே பார்க்க அதிகம் இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் மடத்தின் இடிந்த சுவர் நிற்கிறது. பழங்காலச் சுவர்களின் செங்கல்லை வெகு நாட்களுக்கு முன்பே ஜனங்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கள் வீட்டுக்குச் செங்கல் வேண்டியிருந்தது. எடுத்தார்கள். அதன் விலை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

தவளக்குப்பத்தில் இறங்கும்போது மணி 9. கடலூர் ரோட்டின் இரு பக்கமும் கடைகள், புதுக் கட்டடங்கள். உள்தெருக்களில் இன்னும் சில ஓட்டு வீடுகள், திண்ணையோடு. நகரத்து வீடுகளாவது ஒரு பட்டியலில் ஏறின. இவற்றைக் கேட்பாரில்லை.

“என்னங்க, நாளைக்கு எங்கே வேலை?” என்று மனைவி கேட்கிறார்.

“டவுன்லதான். பழைய வீடு ஒண்ணு இடிக்கணும்.”

மகளுக்குத் தூக்கம் கலைகிறது.

“திண்ணை வீடா அப்பா?”

“ஆமாம்மா. தூண் எல்லாம் தேக்கு. அதை மட்டும் பத்திரமா இறக்கணும்னு சொல்லியிருக்காங்க.”